ஆற்றுவாய் திறப்பு விழா

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் திட்டு உண்டு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அது யாருக்கும் தொந்தரவு தராமல் கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் பந்து விளையாடுவார்கள். நாய்கள் படுத்துக் கிடக்கும். அடம்பன் கொடி தன்பாட்டில் படரும். மாரி மழை விடாமல் பெய்து வாவி நிரம்பினால்தான் சங்கடம். மேற்குக் கரையில், வவுணதீவுப் பக்கத்தில், வட்டை என்று சொல்கிற வயல்வெளிகளுக்குள் தண்ணீர் ஏறி வேளாண்மை முழுவதும் மூழ்கும். அப்போது அந்தத் திட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் தண்ணீர் கடலுக்குப் போகும், நெற்பயிர் மூச்சு விடும். இதற்கு ஆற்றுவாய் வெட்டுதல் என்று பெயர்.

இவ்வளவு எளிதான ஒரு காரியம் நம்முடைய நாட்டில் இத்தனை காலம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று வாசகர்கள் வியக்கலாம். பெரிய மனிதர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அதுதான் காரணம். கவனித்த வருடத்தில் நடந்ததை இனிப் பார்ப்போம்.

கொக்குமுறிச்சான் வட்டைக்குக் கோணாமலைதான் விதானை. எப்போது விதைப்பது, எந்த வாய்க்காலில் தண்ணீர் திறப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்பதையெல்லாம் தீர்த்துவைப்பதற்காகக் கமக்காரர்கள், அதாவது உழவர்கள், கூடித் தெரிவு செய்கிற ஆள் வட்டை விதானை. கோணாமலை நல்ல மனிதர். களவு இல்லை, குடி இல்லை. ஒரேயொரு பலவீனம்தான் இருந்தது. ஒரு காரியம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், பெரிய மனிதர் ஒருவர் வந்து தொடக்கிவைத்தாலொழிய அதைக் காரியமென்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வராது.

அந்த வட்டையில் ஒரு பழைய வழக்கமும் இருந்தது. விதைப்போ வெட்டோ, வெற்றிலை வைத்து ஒருவரை அழைத்துவிட்டால் அவர் வந்து சேரும்வரை வேலையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அழைக்கப்பட்டவருக்கு அவமரியாதை, வட்டைக்கும் ஆகாது. இந்த வழக்கத்தால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை. அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் பக்கத்து வளவுகளில் இருந்தவர்கள், கூப்பிட்ட உடனே வந்துவிடுவார்கள்.

அந்த மாரியில் பயிர் குடலைப் பருவத்தில் நின்றபோது வெள்ளம் வந்தது. கதிர் வெளியே வரப்போகிற நேரம் அது. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் கிடந்தால் கதிர் தாளுக்குள்ளேயே அழுகிவிடும். நல்ல காலம், அதிகாரிகளும் கமக்காரரும் மீனவரும் கூடிப் பேசி, மறுநாள் காலையில் பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரத்தை விட்டு ஆற்றுவாயை வெட்டுவதென்று முடிவும் எடுத்துவிட்டார்கள். கோணாமலையின் மனைவி கண்ணகை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், புருஷன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சருங்க, நாளைக்கிப் பெக்கோ வருதெண்டு சொன்னீங்க. மறுகா எங்க வெளிக்கிடுறீங்க?"

"எம்.பிக்கு வெத்திலை வெக்கப் போறன்."

"வெட்டப்போறது பெக்கோ. அதுக்கு எம்.பி என்னத்துக்கு?"

"பெக்கோ வெட்டும்தான். ஆனா ஆரு வெட்டினதெண்டு ஒரு மரியாதை இரிக்கில்லியா புள்ள? போன வருசம் அங்கால் வட்டை விதானை எம்.பியோட நிண்டு படம் எடுத்துக் கடையில கொழுவி வெச்சிரிக்கான். நான் போற வாற நேரமெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான்."

"நம்மட வேளாண்மைக்கு மூச்சு முட்டுது. அதுக்கு மரியாதை வேணாம், தண்ணி இறங்கினாக் காணும்."

பெண்களுக்கு நிர்வாக விடயங்கள் விளங்குவதில்லை என்று கோணாமலை பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார். வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் நவபாலன் அவர்கள் முன்னொரு காலத்தில் தார் வீதிகளுக்காகவும் கல்லுடைக்கும் ஆலைகளுக்காகவும் பேர் போனவர். பிறகு வெளிநாடு ஒன்றில் நடந்த காலநிலை மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே குளிரூட்டிய மண்டபத்தில் போர்த்துக்கொண்டு இருந்து உலகம் சூடாவதை நேரில் உணர்ந்தார். திரும்பி வந்தது முதல் இலைப் படம் போட்ட சேர்ட்தான் உடுத்துவார், இரும்புப் போத்தலில்தான் தண்ணீர் குடிப்பார். அவருடைய இரண்டு பெரிய ஜீப்புகளின் கதவுகளிலும் மரம் வரையப்பட்டது. "இயற்கையோடு இணைந்த சமூக நலன்" என்பது அவருடைய புதிய கொள்கை. அதன் பொருள் இன்னதென்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர்கள் ஆகிவிடுவோமே என்ற பயம்தான்.

அவருடைய இணைப்புச் செயலாளர் றுமைஸ், காத்தான்குடித் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். எந்தத் துணியை எந்தப் பக்கம் மடித்தால் கறை தெரியாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

நவபாலன் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொல்லுங்க அண்ணன். என்ன வெட்டணும்?"

"ஆத்துவாய், ஐயா. நாளைக்கிக் காலையில."

"வெட்டக்கூடாது அண்ணன். மண்ணும் ஒரு உயிர்."

"வெட்டாட்டி வட்டை அழுகிப்போயிருமே ஐயா!"

"வெட்டக்கூடாது எண்டுதான் சொன்னன். விடுவிக்கணும். இதை வாவி விடுவிப்பு விழா எண்டு செய்வம். ஆனா பெக்கோ வேணாம், அது புகை தள்ளும். மம்பெட்டியால செய்வம். அடம்பன் கொடியை வேரோட எடுத்து வேற இடத்தில நடணும். அதோட, அந்தத் திட்டில நண்டுகள் இரிக்கில்லியா?"

"இரிக்கி ஐயா. நிறைய."

"பாத்தீங்களா? அதுகளெல்லாம் இடம்பெயரப் போகுது. இடம்பெயந்தவங்கட வலி நமக்குத் தெரியாதா அண்ணன்? முதல்ல அதுகளுக்கு மாற்றுக் காணி பாக்கணும்."

கோணாமலை உருகிப்போனார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து இன்னமும் காணி கேட்டு அலைகிற கதிரவெளிப் பக்கத்துச் சனம் இரண்டு பேர் அப்போது வெளியே வாங்கில் குந்தியிருந்தார்கள். அவர்களை அடுத்த மாதம் வரச் சொல்லி றுமைஸ் பக்குவமாக அனுப்பிவைத்தான். நண்டு விடயம் அவசரம் அல்லவா?

பெக்கோ நிறுத்தப்பட்டது. பிரதேச செயலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. அங்கிருந்த உத்தியோகத்தர் நீண்ட பெருமூச்சு விட்டார். ஒரு பொறுப்பு தன் மேசையை விட்டு மேலே போகிறபோது அரச உத்தியோகத்தருக்கு உண்டாகிற மன நிறைவு மற்றவர்களுக்கு விளங்காது.

விழாவுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பாராளுமன்றம் கூடியது, தள்ளிவைத்தார்கள். மறுபடியும் குறித்தார்கள். அன்றைக்கு மழை. நவபாலனின் ஊடகப் பொறுப்பாளர் தனுஷா, மழையில் ட்ரோன் பறக்காது என்று சொல்லிவிட்டாள். மேலிருந்து படம் எடுக்காத ஒரு சூழல் பாதுகாப்பை மக்கள் எப்படி நம்புவார்கள்?

"மழை விடட்டும் விதானையார்," என்றான் றுமைஸ் தொலைபேசியில்.

"மழை விடுறதுக்குள்ள வேளாண்மை போயிரும் தம்பி."

"மழை பெய்யக்குள்ள வெட்டினா ஆருக்குத் தெரியும்? நீங்க டென்சன் ஆகாதீங்க. சேருக்கு உங்கட வட்டையில சரியான அக்கறை. நேத்தும் உங்கட வட்டைப் பேரைக் கேட்டவர்."

கமக்காரர்கள் வரம்பில் கூடி நின்றார்கள். வரம்பு என்று சொல்வது ஒரு பழக்கத்தில்தான், அதுவும் தண்ணீருக்குக் கீழேதான் கிடந்தது. இளையதம்பி என்ற கமக்காரர் கோபக்காரர். "என்னத்தக்கா பாத்துக்கிட்டு நிக்கிறம்? மம்பெட்டி இரிக்கி, கை இரிக்கி. போய் நாமளே வெட்டுவம்," என்று குதித்தார்.

"வெத்திலை வெச்சாச்சு," என்றார் கோணாமலை.

இளையதம்பி மண்வெட்டியை இறக்கிவைத்தார். வெற்றிலை வைத்தால் வைத்ததுதான். அதிலே இளையதம்பிக்கும் இரண்டாவது கருத்துக் கிடையாது. எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருவழியாக மழை விட்டது. இனி வெட்டிவிடுவார்கள் என்று கோணாமலை சந்தோசமாகத் தொலைபேசி எடுத்தார்.

"வெட்டலாம். ஆனா அதுக்கு முதல் வெள்ள நிவாரணம் குடுக்கணுமே," என்றான் றுமைஸ்.

"வெட்டிப்போட்டுக் குடுக்கலாம்தானே?"

"என்ன விதானையார் இப்படிக் கேக்கிறீங்க? வெட்டினா வெள்ளம் வடிஞ்சிரும். வெள்ளம் இல்லாத இடத்தில வெள்ள நிவாரணம் எப்பிடிக் குடுக்கிறது? கணக்காய்வில கேப்பாங்களே!"

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுகிற பேச்சைக் கேட்டால் கோணாமலை தலையாட்டிவிடுவார்.

நிவாரணம் வட்டைக்குள்ளேயே வழங்கப்பட்டது. பக்கத்தில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்று இருந்தது, ஆனால் அது காய்ந்துபோய்க் கிடந்தபடியால் பொருத்தமில்லை என்று தனுஷா சொல்லிவிட்டாள். சனத்தைத் தண்ணீருக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். முழங்கால் அளவில் நின்றவர்களை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகச் சொன்னார்கள். நவபாலன் தோணியில் வந்தார். பொலித்தீன் ஒழிப்புக்காகத் துணிப் பைகள், ஒவ்வொன்றிலும் அவருடைய சிரித்த முகம். பைக்குள்ளே அரிசி, பருப்பு, சீனி எல்லாம் பொலித்தீனில் கட்டியிருந்தது.

கண்ணகையின் முறை வந்தது. பையை வாங்கினாள். வாங்கிவிட்டு அவளுக்கு அடக்க முடியவில்லை.

"ஐயா, அரிசி தாறீங்க, சந்தோசம். அரிசி விளையிற வேளாண்மை உங்கட தோணிக்குக் கீழ கிடக்கு. அதை ஒருக்கா எடுத்துத் தாங்களன்."

கோணாமலை அவசரமாகக் கை கூப்பினார். நவபாலனோ கலங்கிய கண்களோடு தலையை ஆட்டினார். "கேட்டீங்களா? இதுதான் மண்ணின் குரல். தனுஷா, எடுத்தாச்சா?"

"காத்துச் சத்தம் விழுந்திட்டு சேர்," என்றாள் தனுஷா. "அம்மா, அதை இன்னொருக்காச் சொல்லுங்க. கொஞ்சம் சிரிச்ச முகமாச் சொல்லுங்க."

கண்ணகை சொல்லவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரை உழக்கிக்கொண்டு போனாள்.

கடைசியில் விழா நாள் வந்தது. கொழும்பிலிருந்து அமைச்சர் ஒருவர் பிரதம அதிதி. மணல் திட்டில் தென்னோலைப் பந்தல். பந்தலுக்கு மேலே "பிளாஸ்டிக் அற்ற வாவி" என்று நீளமான பிளாஸ்டிக் பதாகை. கமக்காரர்கள் விடிந்த கையோடு மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால், முந்திய நாள் முழுவதும் கொந்தளித்த கடல் திட்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டிருந்தது. ஒரு ஆள் துள்ளித் தாண்டுகிற அகலம்தான். வாவித் தண்ணீர் அதற்குள்ளால் கடலுக்குள் சீறிக்கொண்டு போனது. நிமிடத்துக்கு நிமிடம் ஓரம் இடிந்து விழுந்து வாய் அகன்றது.

"போகுதுடா!" என்று இளையதம்பி கத்தினார். மற்றவர்கள் மண்வெட்டிகளை எறிந்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோணாமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் காலம் கடந்துவிடவில்லை, இன்றைக்குத் தண்ணீர் இறங்கினால் பாதியாவது தேறும் என்று அவருடைய மனம் கணக்குப் போட்டது. அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

றுமைஸ் ஓடிவந்தான். அவனுடைய முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"ஆரு உடைச்ச?"

"கடல், தம்பி."

"ஆரிட்டக் கேட்டு?"

அவன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றி நடந்தான். மறுமுனையில் கௌரவ உறுப்பினர் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. அனுமதியற்ற அகழ்வு, சுற்றாடல் சட்டம், எதிர்க்கட்சியின் சதி என்ற சொற்கள் விழுந்தன. றுமைஸ் திரும்பி வந்தான்.

"விதானையார், அமைச்சர் வெளிக்கிட்டு அரைவாசி வழி வந்திட்டார். திறந்து கிடக்கிறதை வந்து எப்பிடித் திறக்கிறது? அடைக்கணும்."

"என்னத்தத் தம்பி அடைக்க?"

"இதைத்தான். மத்தியானம் திரும்ப வெட்டத்தானே போறம்."

கோணாமலை தண்ணீரைப் பார்த்தார். "இது என்ட வட்டைத் தண்ணி தம்பி. இப்பதான் போகத் தொடங்கியிரிக்கி."

"இவ்வளவு நாள் பொறுத்த வேளாண்மை இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்காதா? வெத்திலை வெச்சுக் கூப்பிட்டது நீங்க. கூப்பிட்டவரை மானம் கெடுக்கிறதா? அமைச்சருக்குப் பக்கத்தில நீங்கதான் நிக்கப்போறீங்க. நினைவுக்கல்லில உங்கட பேரும் போட்டிரிக்கி, வந்து பாருங்க."

கோணாமலை போய்ப் பார்த்தார். கறுப்புக் கல். மேலே அமைச்சர், நடுவில் நவபாலன், அடியில் "வட்டை விதானை திரு. கோணாமலை". அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கமக்காரர்களிடம் வந்தார். அவர்களுடைய முகங்களைப் பார்க்காமல், "வாங்க பிள்ளையள், அடைப்பம்," என்றார்.

வெட்டுவதற்காகக் கொண்டுவந்த மண்வெட்டிகளால் அடைத்தார்கள். கைப் பலம் போதாமல் பெக்கோவையும் வரவழைத்தார்கள். அவசர காலத்தில் புகைக்கு விலக்கு உண்டாம். மணல் மூட்டை கட்டப் பொலித்தீன் பைகளும் வந்தன, அதற்கும் விலக்கு உண்டு. இளையதம்பி எல்லோரையும் வாயில் வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே எல்லோரையும்விட வேகமாக மண் போட்டார். தண்ணீர் நின்றது. இது பெரிய சாதனை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

அமைச்சர் வழியில் இரண்டு இடத்தில் மரம் நட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் வந்தார். தனுஷா பெட்டியில் பிடித்து வைத்திருந்த நண்டுகளை விடுவித்தாள். அவை நேராகப் பழைய இடத்துக்கே ஓடின. நாடா கட்டிய மண்வெட்டியால் அமைச்சர் மண்ணில் ஒரு கொத்துப் போட்டார். ட்ரோன் பறந்தது. பேச்சுகள் முடிந்து வாகனங்கள் போனபோது பார்த்தால், தண்ணீர் ஒரு முழ அகலத்தில் வழிந்துகொண்டிருந்தது. பகல் முழுவதும் கடல் தன் பங்குக்கு வெளிப்பக்கத்தில் மணலை ஏற்றிவைத்திருந்தது. பெக்கோவும் எரிபொருள் தீர்ந்து படுத்துவிட்டது, மண்வெட்டிகளால் அவ்வளவு மணலை அள்ளி மாளவில்லை. வாவி முழுதாக வடிய இன்னும் பல நாள் பிடித்தது.

வடிந்த பிறகு வட்டை கறுத்துப்போய்க் கிடந்தது. கண்ணகை ஒரு தாளைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே கதிர் களியாக இருந்தது. அவள் அதைக் கோணாமலையின் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அங்கேயே குந்தி இருந்து அழுதார். அழவேண்டியதுதான், நாமும் தடுக்கப்போவதில்லை.

அழுகல் இருந்த இடத்தில் புழு வந்தது, புழுவைத் தின்னக் கொக்கும் நாரையும் வந்தன. வட்டை வெள்ளையாக நிறைந்தது. நவபாலன் அவர்கள் மறுபடியும் வந்தார். கொக்குமுறிச்சான் வட்டை இனிமேல் "மக்கள் பங்களிப்புடனான முன்மாதிரி ஈரநிலம்" என்று அறிவித்தார். கமக்காரர்கள் தங்களுடைய விளைச்சலைப் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்த தியாகம் உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்றார். கோணாமலைக்குச் "சூழல் காவலர்" என்று பட்டம். நன்றியுரையும் அவருக்கே என்று அறிவிக்கப்பட்டது.

"இப்பவாவது சொல்லிப்போட்டு வாங்க," என்றாள் கண்ணகை, அவர் மேடைக்கு எழும்பும்போது. "மைக் உங்கட கையில. ஆரு அழுகவெச்சதெண்டு சொல்லுங்க."

"சொல்லுறன்," என்றார் கோணாமலை. உண்மையாகத்தான் சொன்னார். நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஏறினார். நவபாலன் பொன்னாடையைப் போர்த்தித் தோளைத் தட்டிக்கொடுத்தார். கோணாமலை ஒலிவாங்கியைப் பிடித்து வாயைத் திறந்தார்.

"எங்கள் அழைப்பை ஏற்று, தங்களுடைய பொன்னான நேரத்தை ஒதுக்கி வருகை தந்த கௌரவ..." என்று வந்தது. வந்தது நிற்கவில்லை. அடுத்த வெள்ளத்துக்கும் ஐயா கட்டாயம் வந்து சிறப்பிக்க வேண்டும் என்பதில் போய்த்தான் முடிந்தது. கைதட்டல் வட்டைக் கரையை அதிரவைத்தது. பாதிக் கொக்குகள் பறந்துபோய்விட்டன.

வீட்டுக்குப் போகும் வழியில் கோணாமலைதான் முதலில் வாய் திறந்தார்.

"சொல்லத்தான் போனன் புள்ள. வாயில வரல்ல."

"கேட்டன்."

"அடுத்த முறையும் வரச் சொல்லிட்டன்."

"அதையும் கேட்டன்."

"நான்தான் மடையன். அதுக்குக் கை தட்டினாங்களே, அதுகள் எப்படிப்பட்ட சனம்? எல்லாம் வேளாண்மை அழுகின ஆக்கள். ஒருத்தனுக்காவது ரோசம் இரிக்கா?"

கண்ணகை சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நானும்தான் தட்டினன்," என்றாள்.

"நீயா? நீ ஏன்கா தட்டின?"

"அந்தப் புள்ள தனுஷா ஒவ்வொருத்தர்ட முகமாப் படம் புடிச்சிக்கிட்டு வந்திச்சு. வீட்டில இனி ஒரு மணி நெல்லில்ல. அடுத்த பைக்கு அவங்கட்டத்தானே போகணும்."